அச்சுக்கு மை போட மறக்கலாமா?

மாட்டு வண்டியில் சந்தைக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற நம் பாட்டனார் காலத்தில், வண்டியின் அடியில் ஒரு மூங்கில் குழாய் தொங்கும். வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை அதில் இருக்கும். மூட்டை ஏற்றுவதற்கு முன், "அச்சுக்கு மை போட்டாயா?" என்று வண்டிக்காரரைக் கேட்காத முதலாளி கிடையாது. அச்சு தேய்ந்தால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் வியாபாரம் நிற்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இன்று வண்டி மாறிவிட்டது. மாட்டு வண்டி நின்ற இடத்தில் மினி லாரியும் பிக்-அப் வண்டியும் நிற்கின்றன. என்ஜின் ஆயிலைத் தேதி தவறாமல் மாற்றுகிறோம். டயருக்குக் காற்றுப் பார்க்கிறோம். ஆனால் பின் அச்சின் நடுவே உருண்டையாகப் புடைத்திருக்கிறதே, அதற்குள் இருக்கும் எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால், "அங்கேயும் ஆயில் இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்கும் அன்பர்களே அதிகம். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. குறிப்பாக, மலை ஊர்களிலும் எஸ்டேட் பாதைகளிலும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்துச் சரக்கு எடுக்கும் மளிகை வணிகர்கள் இதனைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம்.

ஆடிப் பதினெட்டுக்கு நின்ற வண்டி

கொல்லிமலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் தமக்கு நேர்ந்ததை நம்மிடம் சொன்னார். காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை அது. மேலே போன பிறகும் உட்கிராமங்களுக்கு மண் சாலைதான். ஆகவே பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்-அப் ஒன்றை வாங்கி, வாரம் இருமுறை கீழே வந்து அரிசி, பருப்பு, எண்ணெய் ஏற்றிச் செல்வார்.

ஒரு வருடம் சர்வீசுக்கு விட்டபோது, கியர் பாக்சுக்கும் பின் அச்சுக்கும் ஒரே டிரம்மிலிருந்து சில்லறை ஆயிலை ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். "எல்லாம் கியர் ஆயில்தானே" என்று அவரும் விட்டுவிட்டார். அடுத்த மழையில் பெருக்கெடுத்த ஓடை ஒன்றை இரண்டு மூன்று முறை கடந்தார். அச்சு முழுவதும் நீரில் முங்கியது. சில வாரங்களில் பின்பக்கம் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்க ஆரம்பித்தது. பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டினார் டிரைவர்.

ஆடிப் பதினெட்டுக்கு மலையில் கூட்டம் கூடும். அந்த வாரத்து வியாபாரம் இரண்டு மாத வியாபாரத்துக்குச் சமம் என்கிறார் நமது அன்பர். முழு லோடு ஏற்றிக்கொண்டு ஏறும்போது, பாதி மலையில், ஒரு வளைவில், கடகடவென்ற சத்தத்தோடு வண்டி நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்துச் சரக்கை மாற்றி ஏற்றி, மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் திருவிழாவே முடிந்துவிட்டது. 'ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்' என்பது போல, வண்டி இன்னொரு வண்டியால் இழுக்கப்பட்டு நாமக்கல் போய்ச் சேர்ந்தது.

லாரித் தொழிலுக்குப் பெயர் போன ஊர் அல்லவா? அங்கே அச்சைத் திறந்து பார்த்த மேஸ்திரி கேட்டாராம்: "ஏனுங்கண்ணா, இதுக்குள்ள ஆயில் ஊத்தி வெச்சிருந்தீங்களா, காப்பி ஊத்தி வெச்சிருந்தீங்களா?" எண்ணெயும் தண்ணீரும் கலந்து, பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருந்திருக்கிறது. பல் சக்கரங்களின் பற்கள் கத்தி முனையாகத் தேய்ந்து, ஒரு பேரிங் நொறுங்கிப் போயிருந்தது. சில நூறு ரூபாய் எண்ணெயில் முடிந்திருக்க வேண்டிய செலவு, பல ஆயிரத்தில் போய் நின்றது. "ஏறும்போது நின்றதால் பணத்தோடு போயிற்று. இறங்கும்போது பின் சக்கரம் பிடித்துக்கொண்டிருந்தால் என் டிரைவரை யார் திருப்பித் தருவார்கள்?" என்று அவர் கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை.

உள்ளே நடப்பது என்ன?

புத்தகத்தில் டிஃபரன்ஷியல் என்று சொல்வதை நமது டிரைவர்களும் மெக்கானிக்குகளும் 'கிரவுன்' என்பார்கள். என்ஜினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுப்பது இதன் முதல் வேலை. பினியன் என்ற சிறிய பல் சக்கரம், கிரவுன் என்ற பெரிய பல் சக்கரத்தைச் சுற்றுகிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் போக வேண்டும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுழல வழி செய்வது இதன் இரண்டாவது வேலை. 70 வளைவு உள்ள பாதையில் இந்த வேலை எத்தனை முறை நடக்கும் என்று நாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

பெரும்பாலான பிக்-அப் வண்டிகளில் பினியன், கிரவுனின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுத் தாழ்வாக அமைந்திருக்கும். இதற்கு ஹைபாய்டு அமைப்பு என்று பெயர். இதனால் பற்கள் ஒன்றோடொன்று உருள்வதோடு நில்லாமல், ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டும் தேய்கின்றன. வண்டியை நகர்த்தும் விசை ஊசி முனை போன்ற சிறு பரப்பில் வந்து அழுத்துகிறது. சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடும். இரும்பும் இரும்பும் நேராக உரசும்.

ஆகவே இந்த எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த இரசாயனங்களைக் கலக்கிறார்கள். உரசும் இடத்தில் சூடு ஏறும்போது இவை இரும்பின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து பல்லைக் காக்கும். கியர் ஆயில் டின்னைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் வாடை வருகிறதே, அது இந்தக் கந்தகத்தின் வாடைதான்.

லேபிளைப் படியுங்கள்

கடலை எண்ணெயா, கலப்பட எண்ணெயா என்று உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து சொல்பவர்கள் நாம். அக்மார்க் முத்திரை இல்லாத டின்னைக் கடையில் இறக்க யோசிப்பவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம், நமது வண்டிக்கு ஊற்றும் எண்ணெயை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? டின்னின் மேல் இரண்டு செய்திகளைத்தான் பார்க்க வேண்டும்.

முதலாவது, தரம். அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் வகுத்த ஜி.எல். என்ற பிரிவு டின்னில் அச்சிடப்பட்டிருக்கும். ஹைபாய்டு கிரவுனுக்கு உரியது ஜி.எல்.-5. ஜி.எல்.-4 என்பதில் பல்லைக் காக்கும் இரசாயனம் குறைவு. அது பல வண்டிகளின் கியர் பாக்சுக்கு ஏற்றது. 'உயர்ந்த நம்பர் எல்லாவற்றுக்கும் நல்லது' என்று எண்ணி ஜி.எல்.-5 ஆயிலை எல்லா கியர் பாக்சுக்கும் ஊற்றுவதும் தவறு. கியர் பாக்சுக்குள் இருக்கும் பித்தளை வளையங்களுக்குச் சில ஜி.எல்.-5 ஆயில்கள் ஒத்துக்கொள்ளாது. கியர் விழுவதும் சிரமமாகும். அரிசிக்கு அரிசிப் படி, எண்ணெய்க்கு எண்ணெய்ப் படி என்பது போல, அதற்கு அது, இதற்கு இது.

இரண்டாவது, கெட்டித்தன்மை. 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 என்ற எண்கள் இதைத்தான் குறிக்கின்றன. டபிள்யூ என்ற எழுத்தோடு வரும் முதல் எண், குளிரில் எவ்வளவு இளகி இருக்கும் என்பதைச் சொல்லும். எண் குறையக் குறையக் கடுங்குளிரிலும் ஓடும். இரண்டாவது எண், சூடேறிய பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்லும். நமது மலைகளில் எவ்வளவு குளிர்ந்தாலும் 85டபிள்யூ உறைந்து போகும் அளவுக்குக் குளிராது. ஆகவே நாம் கவனிக்க வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான்.

'தொண்ணூறு நம்பரா, நூற்று நாற்பது நம்பரா?' என்பது டீக்கடை பெஞ்சில் தீராத வழக்கு. இதற்குத் தீர்ப்பு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கிறது. பார வண்டிக்கும் சுடும் சமவெளிக்கும் 140 என்று சில கம்பெனிகள் சொல்லும். இலகுவான பிக்-அப் வண்டிகளுக்கு 90 போதும் என்று சில சொல்லும். கெட்டியாக இருப்பதெல்லாம் நல்லது என்ற எண்ணம் சரியல்ல. தேவைக்கு மேல் கெட்டியான எண்ணெய் சுழற்சியை இழுத்துப் பிடிக்கும். அதனால் சூடு கூடும், மைலேஜ் குறையும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். என்ஜின் ஆயிலின் எண் கணக்கு வேறு, கியர் ஆயிலின் எண் கணக்கு வேறு. கியர் ஆயிலில் 90 என்பது என்ஜின் ஆயிலில் 40, 50 நம்பருக்கு ஏறக்குறைய ஒத்த கெட்டித்தன்மைதான்.

சில வண்டிகளில் ஒரு சக்கரம் சேற்றில் வீணாகச் சுற்றாதபடி தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருக்கும். அதற்குத் தனியாக உராய்வைச் சீர் செய்யும் மருந்து கலந்த ஆயில் வேண்டியிருக்கும். பழைய வண்டி வாங்கும் அன்பர்கள் இதனைக் கேட்டுத் தெரிந்து கொள்ளவும்.

ஒரு வண்டி, மூன்று அறைகள்

சாதாரண வண்டிக்குப் பின் அச்சில் ஒரு கிரவுன். ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு முன் அச்சிலும் ஒன்று உண்டு. இரண்டுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸ் நடுவில் இருக்கிறது. மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய். டிரான்ஸ்பர் கேசுக்கு உரியது கிரவுன் ஆயிலாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சர்வீசுக்கு விடும்போது 'கிரவுன் ஆயில் மாற்றுங்கள்' என்று மட்டும் சொன்னால், பின் அச்சோடு நின்றுவிடுவார்கள். முன் அச்சு வருடக் கணக்கில் திறக்கப்படாமல் கிடக்கும். மூன்றின் பெயரையும் சொல்லி வேலை வாங்குவது நமது பொறுப்பு.

ஃபோர் வீல் போடும் லீவர் உள்ள பல வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றிலும் மண்ணிலும் சக்கரம் சற்று வழுக்கும் என்பதால் பாதகமில்லை. ஆனால் காய்ந்த தார்ச் சாலையில் 'பிடிமானம் கிடைக்கும்' என்று ஃபோர் வீலில் வைத்தே வளைவுகளில் திருப்பினால், இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று முறுக்கும். அந்த முறுக்கம் கிரவுன் பற்களின் மேலும் விழும். தார்ச் சாலைக்கு வந்ததும் லீவரை மாற்றும்படி டிரைவரிடம் சொல்லி வையுங்கள்.

அதேபோல ஒரு பக்கம் புதிய டயரும் மறுபக்கம் வழுக்கை டயரும் போட்டுச் சிக்கனம் பார்ப்பவர்கள் உண்டு. சுற்றளவு வேறுபடுவதால், வளைவில் மட்டும் வேலை செய்ய வேண்டிய சிறு பல் சக்கரங்கள் நேர்ச் சாலையிலும் ஓயாமல் சுழல வேண்டியிருக்கும். டயரில் மிச்சம் பிடித்தது கிரவுனில் செலவாகும்.

மாற்றும் முறை

நீங்களே செய்யாவிட்டாலும், பக்கத்தில் நின்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

1. வண்டியைப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். சூடான எண்ணெய்தான் அழுக்கோடு முழுமையாக இறங்கும்.

2. சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டியின் அடியில் யாரும் படுக்கக் கூடாது. தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் உறுதியான ஸ்டாண்டு கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும்.

3. இரண்டு போல்ட்டுகளைச் சுற்றியும் மண்ணைத் துடைத்துவிட்டு, முதலில் மேலே உள்ள ஊற்றும் போல்ட்டைக் கழற்றுங்கள். இது முக்கியம். கீழ் போல்ட்டைத் திறந்து எண்ணெயை எல்லாம் இறக்கிய பிறகு, மேல் போல்ட் துருப்பிடித்துத் திறக்க வரவில்லை என்றால், வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

4. கீழ் போல்ட்டைத் திறந்து, பாத்திரத்தில் எண்ணெயைப் பிடியுங்கள். சொட்டு நிற்கும் வரை பொறுத்திருங்கள்.

5. போல்ட்டைத் துடைத்து, புதிய வாஷர் போட்டு மூடுங்கள்.

6. புதிய எண்ணெயைப் பம்பினாலோ குழாயினாலோ ஊற்றுங்கள். பொதுவாக ஊற்றும் துளையின் விளிம்பு வரை வந்து மெல்ல வழியத் தொடங்கினால் அதுவே சரியான அளவு. வேறு அளவு கையேட்டில் இருந்தால் அதன்படி செய்யுங்கள்.

7. மேல் போல்ட்டை மூடி, மறுநாள் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

'கொஞ்சம் கூடவே இருக்கட்டும்' என்று பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி அதிகம் ஊற்றுவது ஆபத்து. சூடேறி விரியும் எண்ணெய், அச்சின் முனையில் உள்ள ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் டிரம்முக்குள் இறங்கும். எண்ணெய் நனைந்த பிரேக் லைனிங் பிடிக்காது. மலை இறக்கத்தில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. சக்கரத்தின் உட்புறம் எண்ணெய்க் கறை தெரிந்தால் அன்றே வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

காந்தம் சொல்லும் செய்தி

பல வண்டிகளின் கீழ் போல்ட்டில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை போலப் படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். நகத்தில் நெருடும் துணுக்குகளோ, பல்லின் உடைந்த சில்லுகளோ இருந்தால், எண்ணெய் மட்டும் மாற்றிவிட்டு ஓட்டாதீர்கள். அச்சைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கருகிய வாடை அடித்தால் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது.

தண்ணீர் எப்படிப் புகுகிறது? அச்சின் மேல்புறம் பிரீதர் என்ற சிறு மூச்சுக்குழாய் உண்டு. ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கியதும், உள்ளே உள்ள காற்று சுருங்கி வெளியே உள்ளதை இழுக்கும். பிரீதர் நீரில் முங்கியிருந்தால் அதன் வழியாகவும், சேறு அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகவும் நீர் உள்ளே போகும். அடிக்கடி ஓடை கடக்கும் வண்டிக்குப் பிரீதரில் ரப்பர் குழாய் பொருத்தி, உயரத்தில் கொண்டுபோய்க் கட்டிவிடலாம். அச்சு முங்கும் அளவுக்கு நீரில் இறங்கிவிட்டால், அந்த வாரமே எண்ணெயைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

எப்போது மாற்றுவது?

கையேடு சொல்லும் கிலோமீட்டர் கணக்கே அடிப்படை. ஆனால் அந்தக் கணக்கு நல்ல சாலையில், அனுமதித்த பாரத்தோடு ஓடும் வண்டிக்கு உரியது. மலை ஏற்றம், முழு லோடு, மண் சாலை என்று ஓடும் வண்டிக்குப் பல கையேடுகளே குறைந்த கெடுவைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கும். அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். புதிய கிரவுன்-பினியன் மாற்றிய வண்டிக்கு முதல் முறை சீக்கிரமே மாற்ற வேண்டும். புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் துகள் எண்ணெயில் தங்கும்.

வேகத்தோடு கூடும் முனகல், ஆக்சிலேட்டரை விட்டதும் மாறும் சத்தம், கிளட்ச் விடும்போது 'டக்' என்ற அடி ஆகிய மூன்றில் எது கேட்டாலும் தள்ளிப் போட வேண்டாம்.

பில்லும் பேரேடும்

டிரம்மிலிருந்து சில்லறையாக ஊற்றும் ஆயிலில் எது என்று யாருக்கும் தெரியாது. சீல் உடையாத டின்னை உங்கள் கண் முன் திறக்கச் சொல்லுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். நாம் பில் போடுகிறோம். நமக்கும் பில் வேண்டும். தொழிலுக்கான சரக்கு வண்டிக்கு வாங்கும் ஆயிலில் கட்டிய ஜி.எஸ்.டி.யை, முறையான பில் இருந்தால், வழக்கமான முறையில் வரி கட்டும் வணிகர்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள வழி உண்டு. கம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இல்லை. உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

இறக்கிய பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கே போய்ச் சேர வேண்டும்.

கடைக்குப் பேரேடு வைத்திருக்கும் நாம் வண்டிக்கும் ஒரு நோட்டு வைப்போம். தேதி, கிலோமீட்டர், எந்த அறை, என்ன தரம், எத்தனை லிட்டர், காந்தத்தில் கண்டது என்ன ஆகிய ஆறையும் எழுதி வைத்தால் போதும். டிரைவர் மாறினாலும் மெக்கானிக் மாறினாலும் கணக்கு மாறாது.

கொல்லிமலை அன்பர் இப்போது அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அதன் முதல் பக்கத்தில் அந்த ஆடி மாதத்துச் செலவை எழுதி வைத்திருக்கிறாராம், மறந்துவிடக் கூடாது என்று.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போடுகிறோம். இந்த வருடம் அதற்கு முந்திய வாரமே ஒருமுறை வண்டியின் அடியிலும் குனிந்து பார்ப்போம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்றார்கள் நம் முன்னோர். அவர்கள் அச்சுக்கு மை போட்டார்கள். நாம் எண்ணெய் பார்ப்போம்.